கல்லில் எந்தப் பெயர்

ஒக்டோபர் 6, திங்கள்

மழை, பிறகு வெயில், பிறகு மழை. கொடியில் போட்ட உடுப்பு இரண்டு தரம் நனைந்தது.

என் கணவருக்கு நான் கல் வைக்க விடவில்லை என்று கோயிலில் கதை. பிழை. திருத்தி எழுதி வைக்கிறேன்.

கல்லுக்கு நான் எதிரி இல்லை. போன வருடம் ஓகஸ்டில் அவரைப் புதைத்தோம். இந்த வருடம் ஜூலையில் ரஞ்சன், என் ஒரே மகன், கல் வெட்டுகிறவர்களிடம் மாதிரித் தாள் ஒன்று வாங்கி அனுப்பினான். சிலுவை சரி. கறுப்புக் கல் சரி. தேதிகள் சரி, இரண்டு தரம் பார்த்தேன். பெயர்: ஸ்டீபன். என் கணவரின் பெயர் முடியப்பு. நிலத்துக்கான உரிமை என் பெயரில். என் கையெழுத்து இல்லாமல் மயான அலுவலகம் எந்தக் கல்லையும் உள்ளே விடாது. நான் கையெழுத்து வைக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

நேற்றுப் பூசையில் எனக்குப் பின் வாங்கில் இருந்த இரண்டு பேர்:

"பாவம் மனுசன், பதினாலு மாதமாக் கல்லில்லாமல் கிடக்கிறார்."

"மனுசிக்குத் தலைக்கனம்."

"மறதியும் தொடங்கீட்டுதாம்."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள் என்று எழுத ஆசை. பிடித்திருக்கவில்லை.

மறதி. எனக்கு மறதி வந்தால் எத்தனை பேருக்கு வசதி.

ஸ்பிரிங்வேலில் வாங்க: முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தபால் முத்திரை, மெழுகுதிரி (காற்றுக்கு அணையாத, கண்ணாடிக் குவளையோடு வருவது, கல்லறைத் திருநாளுக்கு). மெழுகுதிரிக்கு அவசரமில்லை. நவம்பர் இரண்டாந் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ரஞ்சனுக்குத்தான் அவசரம். அதற்கு முன் கல் வைத்துவிட வேண்டுமாம், சனம் வந்து பார்க்குமாம்.

ஒக்டோபர் 8, புதன்

குளிர். ஒக்டோபரில் ஹீற்றர். வெட்கக்கேடு.

காலை பத்து மணிக்கு பிலோமினா போன். என் கணவரின் தங்கை. சிட்னியில், டூங்கபியில் இருக்கிறாள். அங்கிருந்தே இங்கே மெல்பேணுக்குச் செய்தி வாசிப்பாள்.

"மச்சாள், சனம் என்ன கதைக்குது தெரியுமே?"

"தெரியும். நீ சொன்னதைத்தான் கதைக்குது."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் ஒரு விசயம். அண்ணனுக்கு ஞானஸ்நானத்தில ஸ்டீபன் எண்டுதான் பேர் வைச்சது. அம்மா சொல்லுவா."

"உங்கட அம்மா அவரை என்னெண்டு கூப்பிட்டவா?"

"அது வீட்டில கூப்பிடுற பேர்."

"பள்ளிக்கூடத்தில? பிறப்புப் பத்திரத்தில? பாஸ்போட்டில?"

"அதெல்லாம் கந்தோரில இருக்கிறவன் எழுதினது. நாங்கள் வேதக்காரர் மச்சாள். எங்களுக்கு ஞானஸ்நானப் பேர்தானே பேர்."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கொன்வென்ரில் படித்த என்னிடம் பிலோமினா வேதம் சொல்கிறாள். அவள் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அந்த எட்டையும் இரண்டு தரம் படித்தாள். நான் சொன்னது, சொன்னபடியே: "சரி. மன்னாரில ஞானஸ்நானப் புத்தகம் இருக்கு. அந்தப் பக்கத்தில என்ன பேர் இருக்கோ அதைக் கல்லில போடுவம். நான் கையெழுத்து வைக்கிறன்."

"பிறகு மாறக்கூடாது மச்சாள்."

"நான் மாறுகிற ஆள் இல்லை."

பத்து நிமிடத்தில் ரஞ்சனிடமிருந்து குறுஞ்செய்தி: "பிலோ மாமி சொன்னவ. நல்லது. புத்தகத்தைப் பாத்து முடிப்பம்." கீழே கட்டைவிரல் படம். தகப்பனின் பெயருக்குக் கட்டைவிரல்.

ஜசிந்தாவுக்கு எழுதினேன். என் சித்தி மகள். மன்னாரில் என் கணவரின் பங்குக் கோயிலில், பங்குமனை அலுவலகத்தில் வேலை. பிறந்த வருடம், மாதம், தகப்பன் பெயர் அருளப்பு, எல்லாம் கொடுத்தேன். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒக்டோபர் 11, சனி

ரஞ்சனும் கவிதாவும் வந்தார்கள். ட்ருகனினாவிலிருந்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம், பாலத்தில் நெரிசல் என்று வாசலிலேயே சொன்னான். நான் கேட்கவில்லை. பிள்ளைகள் வரவில்லை, நீச்சல்.

கவிதா திருச்சிப் பெண். கெட்டவள் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் போனை எடுப்பாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. நெட்டுல தேடிப் பாத்தேன். அபூர்வமான ஆம்பளப் பேருங்க, அர்த்தத்தோட, பெரிய லிஸ்ட்டு. அதுல முடியப்பு இல்ல."

"அபூர்வமான பேர் எண்டுதானே தேடினீர்?"

"இல்ல அத்தை, சும்மா சொன்னேன். ஸ்டீபன் இருக்கு. கிரேக்கப் பேரு, கிரீடம்னு அர்த்தம். அதிர்ஷ்ட நிறம் நீலமாம்."

"அவருக்கு நீலம் பிடிக்காது."

போனை வாங்கி அந்தப் பட்டியலைப் பார்த்தேன். பதினெட்டுப் பெயர்களுக்கு 'ஒளி' என்று பொருள். எண்ணினேன். மற்றவை வீரன், வெற்றியாளன், தனித்துவமானவன். எந்த மொழி, எந்த ஊர், முதலில் யாருக்கு வைத்தது, ஒன்றும் இல்லை. திருத்தப்படாத கொப்பி. கொன்வென்ரில் எனக்குப் படிப்பித்த சிஸ்டர் பெனடிக்றா என்றால் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார்.

பிறகு ரஞ்சன். அவன் பேசியதை நேர்மையாக எழுதுகிறேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

"அம்மா, முடியப்பு எண்டாலும் கிரீடம், ஸ்டீபன் எண்டாலும் கிரீடம். நீங்கள்தானே சின்னனில சொல்லித் தந்தனீங்கள். ஒரே பேர்."

"பொருள் ஒண்டு. ஆள் வேற."

"நான் இப்ப ரஞ்சன் ஸ்டீபன். பிள்ளையளும் ஸ்டீபன். அதுகள் வந்து கல்லடியில நிக்கேக்க தங்கட பேர் அதில இருக்க வேணும். முடியப்பு எண்டு இருந்தா ஆரோ வேற வீட்டுக் கிழவன் எண்டு நினைக்குங்கள்."

"நீ ஏன் மாத்தினனீ?"

"இருபத்தைஞ்சு வருசமா ஒவ்வொரு போனிலயும் எழுத்தெழுத்தாச் சொல்லிப் பாருங்கோ. இன்ரவியூவில கூப்பிடேக்க அவங்கள் அந்தப் பேருக்கு முன்னால நிண்டு முழுசுவாங்கள். நானே எழும்பிப் போயிடுவன்."

இங்கே வந்த நாளிலிருந்து தகப்பனின் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயர். விமான நிலையத்துப் படிவத்தில் நாங்களேதான் அப்படி நிரப்பினோம். ஆகவே அவன் தூக்கிப் போட்டது தகப்பனின் பெயரை. இதைச் சொன்னேன்.

"தூக்கிப் போடேல்லை. அப்பாட்டக் கேட்டனான். அவர்தான் சொன்னவர், ஸ்டீபன் எண்டு போடு, அதுவும் நான்தான் எண்டு."

"உன்னட்டச் சொன்னவரோ?"

"ஓம்."

"எங்கை வைச்சு?"

"காருக்குள்ள. கண் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகேக்க."

கவிதா எழுந்து கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனாள். நான் பிஸ்கட் தட்டை மூடினேன்.

தொழிற்சாலையில் அவர் சட்டையில் 'ஸ்டீவ்' என்று ஒரு தகடு குத்தியிருந்தது தெரியும். மேற்பார்வையாளருக்கு நாக்கு வளையவில்லை. பதினேழு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டால் திரும்புவது சம்மதம் ஆகாது என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். காருக்குள் சொன்னது வேறு.

போகும்போது ரஞ்சன், சமாதானமாம்: "ஸ்டீபன் எண்டு போட்டு, பக்கத்தில பிராக்கெற்றுக்குள்ள முடியப்பு எண்டு போடுவமே?"

அடைப்புக்குறிக்குள் போடுவது சந்தேகமான சொல்லை. இல்லாவிட்டால் விட்டாலும் பாதகமில்லாத சொல்லை. ஐம்பத்து மூன்று வருடம் நான் ஒரு அடைப்புக்குறிக்குச் சமைக்கவில்லை. இதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில். பூசைக்குப் போனேன். முன் வாங்கில் இருந்தேன். பின்னால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

ரஞ்சனுக்கும் கவிதாவுக்கும் அனுப்ப ஒரு பட்டியல். ஊரில் எங்கள் ஆண்களுக்கு இருந்த பெயர்கள். இப்போது ஒரு குழந்தைக்கும் வைப்பதில்லை. அதிர்ஷ்ட நிறம் தரவில்லை.

முடியப்பு: முதல் வேதசாட்சி ஸ்தேவானின் பெயர். கிரேக்கத்தில் கிரீடம். நம் ஆட்கள் அதைக் கேட்டு, விளங்கி, 'முடி' என்று எழுதி, மரியாதைக்கு 'அப்பர்' சேர்த்தார்கள். முடி என்றால் தலைமயிர் என்று இங்கே ஒருவர் பகிடி விட்டார். பகிடி விட்டவருக்குத் தலையில் இரண்டுமே இல்லை.

சின்னப்பு: பவுல். லத்தீனில் சிறியவன். நேர் மொழிபெயர்ப்பு. ஆறடி உயரத்தில் ஒரு சின்னப்பு எங்கள் தெருவில் இருந்தார்.

அருளப்பு: யோவான். எபிரேயத்தில் கடவுள் அருளினார். என் மாமனார்.

இராயப்பு: பேதுரு. பாறை. 'ராயி' தெலுங்கில் கல் என்று சிஸ்டர் சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது, கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

சந்தியாப்பிள்ளை: மாலை நேரம் அல்ல. போர்த்துக்கீசர் சொன்ன சந்தியாகு, அதாவது யாகப்பர்.

சவிரிமுத்து: சவேரியார். அது ஆளின் பெயரே இல்லை. அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் புது வீடு. ட்ருகனினாவில் புது வீடு கட்டியிருக்கிறவர்கள் கவனிக்கவும்.

பெலவேந்திரன்: அந்திரேயா. கிரேக்கத்தில் ஆண்மை உள்ளவன். நம் ஆட்கள் பெலத்துக்கு வேந்தன் ஆக்கினார்கள்.

இந்தப் பெயர்களைச் செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. பிறத்தியார் தந்த பெயரை வாங்கி, உடைத்துப் பார்த்து, உள்ளே இருந்ததைத் தங்கள் வாயில் வைத்தார்கள். ரஞ்சன் அதைத் திரும்பவும் பழைய உறைக்குள் போட்டு மூடுகிறான்.

கடைசி வசனத்தைக் கடிதத்தில் சேர்க்கவா என்று யோசித்தேன். சேர்த்தேன்.

முத்திரை ஒட்டியாயிற்று. பட்டியலைத் திரும்ப வாசித்தபோது ஒன்று உறுத்தியது. இவ்வளவும் தெரிந்தவள், காருக்குள் அவர் சொன்னதைத் தெரிந்திருக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ. நான் கேட்கிற விதத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று பிலோ ஒருதரம் சொன்னாள். பிலோ சொல்வதை எல்லாம் எழுதக்கூடாது.

ஒக்டோபர் 15, புதன்

காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி என் வாசலில்.

ஜசிந்தாவின் படம் வந்தது. வட்ஸ்அப். மங்கல், ஆனால் வாசிக்கலாம். நல்ல கையெழுத்து, ஏதோ ஒரு பிரெஞ்சுச் சுவாமி. முழுக்க லத்தீன்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில்: ஸ்தெபானுஸ்.

நான்கு தரம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்து ஐந்தாம் தரம்.

மறைத்திருக்கலாம். புத்தகம் போரில் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். எத்தனையோ கோயில்களில் அது உண்மை. ரஞ்சனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

பத்து நிமிடம். பிறகு அவனிடமிருந்து போன். குரல் மெதுவாக. அது இன்னும் மோசம்.

"அம்மா. பாத்தனான்."

"ம்."

"நீங்கள் சரியோ?"

"எனக்கென்ன?"

"இல்லை... நீங்கள்தான் சொன்னனீங்கள், புத்தகத்தில இருக்கிற பேர் எண்டு."

"சொன்னதை நான் மறக்கேல்லை."

"அடுத்த வெள்ளிக்கிழமை கல்லு வெட்டுறவைக்கு முடிவு சொல்ல வேணும். இருபத்தி நாலாந் தேதி. இல்லாட்டி திருநாளுக்கு முன்னம் வராது. நான் தாளைக் கொண்டு வாறன்?"

"நான் சொல்லுறன் எப்ப வாறதெண்டு."

மதியம் சாப்பிடவில்லை. சமைக்க நேரமில்லை. வேறு காரணம் இல்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

பிலோமினா. எட்டரை மணிக்கே.

"மச்சாள், நான் சொன்னனான்தானே."

"நீ சொன்னது ஸ்டீபன். அதில அப்படி இல்லை. ஸ்தெபானுஸ். அதைக் கல்லில போடுவமே?"

"அதுதானே ஸ்டீபன்."

"அதேதான் முடியப்பும்."

"சும்மா வக்கீல் கதை கதையாதேங்கோ. வாக்குக் குடுத்தனீங்கள். மனுசனை நிம்மதியா விடுங்கோ மச்சாள். உயிரோட இருக்கேக்கதான் விடேல்லை."

போனை வைத்தேன். அவள் வைப்பதற்கு முன்.

உயிரோடு இருக்கும்போது விடவில்லை. எதை விடவில்லை? காலணியோடு உள்ளே வர விடவில்லை. பிழையான ஆங்கிலத்தில் கடிதம் எழுத விடவில்லை. மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட விடவில்லை, டொக்டர் சொன்னதால். இதெல்லாம் குற்றப் பட்டியலா.

போனை மேசையில் வைத்து, அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எல்லோரும் லத்தீன். தகப்பன்: யோவான்னெஸ். என் மாமனாரைக் கரையில் நின்று யோவான்னெஸ் என்று கூப்பிட்டிருந்தால் வலையிலிருந்து தலை தூக்கியிருக்க மாட்டார். ஞானத் தகப்பன்: பேத்ருஸ். அது மீன் சம்மாட்டி இராயப்பு. ஒரு முழுக் கிராமத்தையும் அந்தச் சுவாமி தன் பாஷையில் எழுதி வைத்திருக்கிறார், அவர்களைக் கேட்காமலே. இது வாதம்தான். நல்ல வாதம். ஆனால் நான் சொன்னது 'அந்தப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கோ' என்று. வாதத்துக்காக என் வார்த்தையை நான் திருத்த முடியாது.

பதினொரு மணிக்குக் கண்டது: படத்தின் இடது பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஜசிந்தா நேராகப் பிடிக்கவில்லை. அவருடைய பதிவுக்கு நேரே, ஓரத்தில், வேறு மையில், வேறு கையில், ஏதோ ஒரு வரியின் கடைசி எழுத்துகள் மட்டும். '...ஜினா.'

தமிழ் எழுத்து.

ஒருவர் கல்யாணம் முடித்தால், முடித்து வைத்த சுவாமி, மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். அங்கே அவருடைய பதிவின் ஓரத்தில் அதை எழுதுவார்கள், இரண்டாந் தரம் கட்டாமல் இருக்க. எங்கள் கல்யாணம் யாழ்ப்பாணத்தில், என் பங்கில். அதற்குள் லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே இன்னார் இன்னாரை மணம் முடித்தார் என்று அந்த ஓரத்தில் இருக்கும். ரெஜினா என்ற என் பெயரின் வால் தெரிகிறது. என் பெயர் லத்தீனிலும் ரெஜினா. எந்தச் சுவாமிக்கும் அதில் வேலை இல்லை. அதற்கு முன்னால் அவர் பெயர் இருக்க வேண்டும். அது படத்தில் இல்லை.

ஜசிந்தாவுக்குப் போன். எடுக்கவில்லை. திரும்பவும். அலுவலகம் பூட்டு, அவள் மடு மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாளாம், திங்கள்தான் வருவாள் என்று அவள் மகள்.

ரஞ்சனுக்குப் போன்.

"அம்மா, ஓரத்தில எழுதினது ஞானஸ்நானப் பேர் இல்லையே."

"நான் சொன்னது பக்கம் எண்டு. ஓரமும் பக்கம்தான்."

"அப்ப ஒரே பக்கத்தில ரெண்டு பேர் இருந்தா?"

"ஒண்டு அவருக்கு நினைவு தெரியாமல் வைச்சது. மற்றது அவர் கோயிலில நிண்டு, தன்ர வாயால சொல்லி, சாட்சியோட எழுதினது."

பின்னால் கவிதாவின் குரல்: "கேட்டுத்தான் பாக்கட்டுமே. அத்தைக்கு அது வேணும்ங்க."

"சரி அம்மா. அதிலயும் ஸ்டீபன் எண்டு இருந்தா?"

"இருந்தாக் கையெழுத்து வைப்பன்."

"பிறகு—"

"பிறகு ஒண்டும் இல்லை. நீ தாளைக் கொண்டு வா. பேனை என்னட்ட இருக்கு."

இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கதிரையில் இருந்தேன். காருக்குள் 'அதுவும் நான்தான்' என்று சொன்ன மனுசன், அந்தப் பீடத்தடியில் என்ன பெயரைச் சொன்னார்? நான் பக்கத்தில் நின்றேன். முக்காட்டுக்குள் நின்றேன். சுவாமி கேட்டதும், அவர் சொன்னதும், ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை. அன்று பூச்செண்டு பிடித்த தோழி கட்டியிருந்த சேலையின் கரை ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்ன பெயர் இல்லை.

பின் வாங்கில் இருந்தவர்களுக்கு இது தெரிய வேண்டாம்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். காற்றில்லை. உடுப்பு காய்ந்தது.

ஜசிந்தாவை நம்பிப் பயனில்லை. திரும்பவும் சரித்துப் படம் எடுப்பாள். சுவாமிக்கே நேரே எழுதுகிறேன். ஈமெயிலாகத் தட்டி அனுப்பக் கவிதா வருகிறாள், பதினொரு மணிக்கு. அவர் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, சுவாமி என் பக்கம் சாய வேண்டாம். இது நகல்:

'வணக்கத்துக்குரிய பங்குத் தந்தை அவர்களுக்கு,

நான், உங்கள் பங்கில் ஞானஸ்நானம் பெற்று, கடந்த ஆண்டு மெல்பேணில் இறந்த ஒருவரின் மனைவி ரெஜினா; அவர் அருளப்புவின் மகன். அவருடைய பதிவுள்ள பக்கத்தை உங்கள் அலுவலகத்து ஜசிந்தா படம் எடுத்து அனுப்பினார். இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த ஓரத்தில் எங்கள் திருமணம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தயவுசெய்து புத்தகத்தை நீங்களே திறந்து, என் பெயருக்கு முன்னால் என் கணவரின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்க்கவும். எனக்குச் சாதகமாகவோ ஆறுதலாகவோ எழுத வேண்டாம். இருக்கிறபடி எழுதவும். இம்மாதம் இருபத்து மூன்றாந் தேதிக்கு முன் எழுத்தில் பதில் தரவும்.'